மொரிஷியஸ்ல எது டவுன், எது கிராமம்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

மொரிஷியஸுக்கு வேலைக்கோ படிக்கவோ வர்ற நம்ம பசங்க வீடு தேட ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே எனக்கு போன் போட்டுடுறாங்க. அண்ணே இந்த ஏரியா டவுனா கிராமமா, குப்பை வண்டி வருமா, தெரு லைட் எரியலன்னா யார்கிட்ட சொல்றதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை காஞ்சிருச்சு. அதான் மொத்தத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். ஊர்ப் பேர்லாம் இங்க பேசுறப்ப காதுல விழுற மாதிரி எழுதியிருக்கேன், பிரெஞ்சு தெரிஞ்சவங்க சண்டைக்கு வராதீங்க.

மொத்தம் எத்தன டவுன், எத்தன கிராமம்?

டவுன்னு சட்டப்படி சொல்லக்கூடியது அஞ்சே அஞ்சுதான். போர்ட் லூயிஸ் (அது சிட்டி), போ பசான்-ரோஸ் ஹில், கத்ர் போர்ன், வக்வா-ஃபீனிக்ஸ், கியூர்பிப். மிச்ச நாடு பூரா கிராமம். 130 கிராம கவுன்சில் இருக்கு, அதுக்கு மேல ஏழு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். 2011ல வந்த உள்ளாட்சி சட்டம்தான் இப்ப ஓடிட்டிருக்கு. அதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் நாலுதான், ரெண்டு ரெண்டு மாவட்டத்த ஒண்ணா கட்டி வச்சிருந்தாங்க, பிளாக் ரிவர் மட்டும் தனியா இருந்துச்சு. புது சட்டத்துல பிரிச்சு ஏழாக்கிட்டாங்க. இதெல்லாம் மெயின் தீவுக்கு மட்டும், ரொட்ரிக்ஸ் கதை வேற, அத கடைசில சொல்றேன்.

பள்ளிக்கூட புக்குல மாவட்டம் ஒன்பதுன்னு இருக்கு, நீங்க ஏழுங்கறீங்க?

ரெண்டும் சரி. மாவட்டம் ஒன்பது, அது மேப்ல இருக்குற பழைய பிரிவு, கோர்ட்டு, மக்கள்தொகை கணக்கெல்லாம் அத வச்சு நடக்கும். அதுல போர்ட் லூயிஸ் மாவட்டம் சிட்டி கவுன்சில் கைல, பிளேன் வில்ஹெம்ஸ் மாவட்டத்துல மத்த நாலு டவுனும் ஒண்ண ஒண்ணு ஒட்டி உக்காந்திருக்கு, அதனால இந்த ரெண்டுக்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் கெடையாது. பாக்கி ஏழு மாவட்டத்துக்கு, அதாவது பாம்ப்ளமூஸ், ரிவியேர் து ரம்பார், ஃப்ளாக், கிரான் போர், சவான், பிளாக் ரிவர், மோக்கா, இதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவுன்சில். பாம்ப்ளமூஸ்ங்கற பேர பாத்ததும் சிரிப்பு வந்துச்சா, நம்ம பம்பளிமாஸ் பழமேதான் அது.

இன்னொரு குழப்பம், எம்.பி தொகுதி. அதுக்கு நம்பர் இருக்கும், மெயின் தீவுல 1 லேருந்து 20 வரைக்கும், ஜனங்க ‘நம்பர் அஞ்சு’ ‘நம்பர் எட்டு’ன்னுதான் பேசுவாங்க. அந்த எல்லை வேற, கவுன்சில் எல்லை வேற, ரெண்டையும் போட்டு ஒண்ணா யோசிச்சா தலைதான் வலிக்கும்.

த்ரியோலே போனேன், பேங்க், பெட்ரோல் பங்க், கடை வரிசைன்னு பெரிய ஊரா இருக்கு, அது எப்படி கிராமம்?

இதுதான் இங்க முக்கியமான விஷயம். இந்த நாட்டுல கிராமம்ங்கறது கண்ணால பாத்து சொல்ற வார்த்தை இல்ல, பேப்பர்ல இருக்குற வார்த்தை. த்ரியோலே தீவோட ரொம்ப நீளமான கிராமம்னு பேரு வாங்குன ஊரு, ரோட்ட புடிச்சிட்டு போய்கிட்டே இருக்கும், முடியவே முடியாது, இருபதாயிரம் பேருக்கு மேல இருக்காங்க. குட்லண்ட்ஸும் அதே மாதிரி. மாயேபூர் இருக்கே, அத பிரெஞ்சுக்காரன் 1800கள் ஆரம்பத்துல தெருத் தெருவா கோடு போட்டு துறைமுக டவுனாவே கட்டுனான், மாயே த லா பூர்தொனேங்கற பழைய கவர்னர் பேர வச்சான், 1810ல அதுக்கு எதிர்லதான் பிரிட்டிஷ்காரனோட பெரிய கடல் சண்டையே நடந்துச்சு, ஆனா இன்னைக்கு சட்டத்துல மாயேபூர் ஒரு கிராமம். கிராண்ட் பே, டூரிஸ்ட் பூரா குவியுற எடம், ராத்திரி ரெண்டு மணிக்கும் பாட்டு கேக்கும், அதுவும் கிராமம்!

டவுன் ஆக்கிட்டா என்னன்னு ஒரு தடவ பக்கத்து வீட்டுப் பெரியவர கேட்டேன், “டவுன் ஆனா வரி வரும் தம்பி”ன்னு இங்கத்த பேச்சு மொழியான கிரியோல்ல சொல்லிட்டு செடிக்கு தண்ணி ஊத்தப் போயிட்டார். வரி விஷயம் கீழ வருது.

அஞ்சு டவுனும் ஏன் ஒரே கோட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கு?

கொசுவும் ரயிலும். நெசமாத்தான் சொல்றேன். 1866லேருந்து 68 வரைக்கும் மலேரியா அடிச்சுச்சு, அதுல 67ம் வருஷம் ரொம்ப கொடுமை, கடலோரத்துல இருந்த போர்ட் லூயிஸ்ல ஆயிரக்கணக்குல செத்தாங்க. காசு இருந்தவன் எல்லாம் மூட்டைய கட்டிக்கிட்டு மேட்டு நெலத்துக்கு ஏறிட்டான், ஏன்னா அங்க குளிர், கொசு கம்மி. ஏறுறதுக்கு வழியும் ரெடியா இருந்துச்சு, ரெண்டு வருஷம் முன்னாடிதான் 1865ல போர்ட் லூயிஸ்லேருந்து கியூர்பிப் வழியா மாயேபூர் வரைக்கும் ரயில் விட்டிருந்தாங்க. அப்புறம் என்ன, காலைல ரயில் புடிச்சு ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் மேட்டுக்கு திரும்பிடலாம், ஸ்டேஷன சுத்தி ஊர் வளந்துச்சு. சின்ன ஊரா கெடந்த கியூர்பிப் டவுனா ஆனது இந்தக் கூட்டத்தாலதான். இப்பவும் கியூர்பிப்ல வீடு எடுக்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, துணி காயாது, மழை நசநசன்னு பெஞ்சிக்கிட்டே இருக்கும், கீழ போர்ட் லூயிஸ்ல சட்டை ஒட்டுற வெயில் அடிக்கும்போது இங்க ஸ்வெட்டர் போட்டிருப்பாங்க.

ரயில்ல ஆள் ஏத்துறத 1956ல நிறுத்திட்டாங்க, 64ல சரக்கு வண்டியும் போயிருச்சு. இப்ப மறுபடி மெட்ரோ வந்திருக்கு, 2022 முடியுறதுக்குள்ள கியூர்பிப் வரைக்கும் ஓட ஆரம்பிச்சிருச்சு. பாதிக்கு மேல பழைய ரயில் போன தடத்துலயேதான் போகுது. அதனால மெட்ரோல ஒரு தடவ கடைசி வரைக்கும் போனீங்கன்னா அஞ்சு டவுனையும் பாத்த மாதிரி ஆச்சு.

கவுன்சில் என்ன வேலை பாக்கும், என்ன பாக்காது?

பாக்குறது: குப்பை அள்றது, தெரு லைட்டு, உள் ரோடு, சின்ன சாக்கடை, மார்க்கெட், வெளையாட்டு மைதானம், ஊர் ஹால், அப்புறம் கட்டட அனுமதி. குப்பை வண்டிய இங்க ‘காமியோன் சால்தே’ம்பாங்க. எந்தெந்த நாள் வரும்னு வீட்டுக்காரர்கிட்ட குடிபோற அன்னைக்கே கேட்டு வச்சுக்கோங்க, தப்பான நாள்ல பைய வெளிய வச்சா தெரு நாய் பிரிச்சு மேஞ்சிரும், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க மூஞ்சிலயே முழிக்க முடியாது.

பாக்காதது: தண்ணி, கரண்டு, பெரிய ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ். தண்ணிக்கு சி.டபிள்யூ.ஏ, கரண்டுக்கு சி.இ.பி, மெயின் ரோட்டுக்கு ஆர்.டி.ஏ, எல்லாம் மத்திய அரசு ஆளுங்க. நம்ம ஊர் மாதிரி தண்ணி வரலன்னு கவுன்சிலர் வீட்டு வாசல்ல கொடத்தோட நின்னா அவர் பாவமா பாத்துட்டு டீ வேணா கொடுப்பார்.

நான் முன்ன இருந்த ஒரு கிராமத்துல வீட்டு எதிர்ல லைட் எரியல. லைட்டுன்னா கரண்டுதானேன்னு நான் முதல்ல கரண்டு ஆபீஸுக்கு போனேன், அங்க இது எங்களது இல்ல கவுன்சில்னாங்க, கிராம கவுன்சில் ஆபீஸ்ல போய் சொன்னா எழுதிக்கிட்டாங்க, ஆனா பல்பு மாத்துற ஆளும் ஏணி வச்ச வண்டியும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்கிட்டதான் இருக்காம், அது அவங்க வரிசைப்படிதான் வருமாம். ஏழு வாரம் ஆச்சு. அதுக்குள்ள நான் டார்ச் வாங்கிட்டேன். இதுல தெரிஞ்சுகிட்டது என்னன்னா கிராம கவுன்சிலுக்கு மனசு இருக்கும், பணமும் வண்டியும் டிஸ்ட்ரிக்ட்கிட்ட இருக்கும். அதனால புகார் கொடுக்கறப்ப ரெண்டு பக்கமும் கொடுங்க, ஒரு காப்பி கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க.

சாக்கடை மேட்டர்ல மட்டும் யாரு பொறுப்புன்னு இங்க உள்ளவங்களே சண்டை போட்டுக்குவாங்க. 2013 மார்ச் 30 போர்ட் லூயிஸ்ல கொஞ்ச நேர மழைல வெள்ளம் வந்து 11 பேர் செத்துட்டாங்க, சுரங்கப்பாதைல மாட்டிக்கிட்டவங்க கூட அதுல உண்டு. அதுக்கப்புறம் வடிகாலுக்குன்னே ஒரு தனி ஆணையம், சட்டம் 2017ல வந்துச்சு. இருந்தாலும் சின்ன சாக்கடை கவுன்சில், பெருசு இன்னொருத்தர், ரோட்டோரம் இன்னொருத்தர்னுதான் இன்னும் ஓடுது.

வீட்டு வரி?

காலங்காலமா இங்க இருந்த பெரிய வித்தியாசமே இதான். டவுன்ல சொந்த வீடு இருந்தா முனிசிபாலிட்டிக்கு வரி கட்டிட்டிருந்தாங்க, கிராமத்துல வீட்டுக்கு அந்த வரி இல்ல. த்ரியோலேல மாடி மேல மாடி கட்டுனவனுக்கு இல்லாத வரி, ரோஸ் ஹில்ல ரெண்டு ரூம் வீடு வச்சிருந்த பாட்டிக்கு வந்துச்சு. டவுன்காரங்க இத சொல்லிச் சொல்லி பொலம்புனாங்க, அதுல நியாயமும் இருந்துச்சு. ஆனா அந்த வரிய வச்சு டவுன்கள் பெருசா பொழச்சுதுன்னும் நெனைக்காதீங்க, டவுனோ கிராமமோ கவுன்சில் செலவுல பெரும்பகுதி மத்திய அரசு கொடுக்குற மானியம்தான். காசு மேலேருந்து வருதுன்னா கடிவாளமும் மேலதான் இருக்கும், வேற எப்படி.

வாடகைக்கு இருக்குற உங்களுக்கு இதுல நேரடியா ஒண்ணும் இல்ல. கடை போடப் போறீங்கன்னா கவுன்சிலுக்கு கட்டணம் கட்டணும், அது டவுனா இருந்தாலும் கிராமமா இருந்தாலும் உண்டு.

கிராமத் தேர்தல் எப்படி நடக்கும்? கட்சி உண்டா?

ஒரு கிராமத்துக்கு ஒன்பது கவுன்சிலர். கட்சிக் கொடி பேர்ல நிக்க மாட்டாங்க, ஒன்பது பேர் சேந்து ஒரு குரூப்பா நிப்பாங்க, இல்ல தனியா நிக்கலாம். குரூப்புக்கு அவங்களே பேரும் சின்னமும் வச்சுக்குவாங்க, எந்த குரூப் பின்னாடி எந்தக் கட்சி இருக்குன்னு ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும், பேப்பர்லதான் இருக்காது. ஓட்டுப் போடுறவங்க ஒன்பது பேர் வரைக்கும் குறி போடலாம், குரூப்ப மொத்தமாவும் போடலாம், இதுல மூணு அதுல ஆறுன்னு கலந்தும் போடலாம். கலந்து போடுறத வச்சு ரிசல்ட் அன்னைக்கு ஊரே பேசும், யாரு சொந்தக்காரன விட்டுட்டான்னு. ஒரு குரூப்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஆம்பளைங்களே இருக்கக்கூடாதுன்னு 2011 சட்டத்துல போட்டாங்க, பொம்பளைங்களுக்கும் அதே கணக்குதான். 2012 தேர்தல்லயே அது வேலை செஞ்சு நெறைய பெண்கள் உள்ள வந்தாங்க.

ஜெயிச்ச ஒன்பது பேரும் அவங்களுக்குள்ள ஒரு தலைவர தேர்ந்தெடுப்பாங்க, அவர இங்க பிரெசிடென்ட்டும்பாங்க. பஞ்சாயத்து பிரசிடெண்ட்னு கேட்டு வளந்த நமக்கு இது ஒண்ணும் புதுசா இருக்காது. அப்புறம் ஒவ்வொரு கிராமத்துலேருந்தும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு ஆள் போவாங்க. அந்த ஓட்டெடுப்பு நேரத்துலதான் ஆள தூக்குறது, ஹோட்டல்ல வைக்கறதுன்னு வதந்தி பறக்கும், நமக்கு பழகுன வாசனை.

பதவிக்காலம் ஆறு வருஷம்னு சட்டம். 2012 டிசம்பர்ல நடந்துச்சு, அடுத்தது 2018ல வந்திருக்கணும், வந்தது 2020 நவம்பர்ல.

டவுன் தேர்தல பத்து வருஷம் தள்ளுனாங்கன்னு சொல்றாங்களே?

ஆமா. அஞ்சு டவுனுக்கும் சேத்து 120 கவுன்சிலர், வார்டுக்கு நாலு பேர். போர்ட் லூயிஸ்ல எட்டு வார்டு, போ பசானுக்கும் வக்வாவுக்கும் ஆறாறு, மத்த ரெண்டுக்கும் அஞ்சஞ்சு. 2015 ஜூன்ல தேர்தல் வச்சாங்க, ஆளுங்கூட்டணி 120க்கு 120ம் தூக்கிருச்சு, எதிர்க்கட்சிக்கு ஒரு நாற்காலி கூட இல்ல. அடுத்தது 2021ல வரணும், கொரோனான்னு சொல்லி தள்ளுனாங்க, கொரோனா போன பிறகும் தள்ளுனாங்க. சட்டத்த திருத்தித் திருத்தி தள்ளிக்கிட்டே போய் கடைசில ஆட்சி மாறி 2025 மே 4 தான் ஓட்டுப் பொட்டிய வெளிய எடுத்தாங்க. அதுக்குள்ள ஜனங்களுக்கு ஆர்வமே போயிருச்சு, மூணுல ஒருத்தர் கூட ஓட்டுப் போட வரல. பத்து வருஷம் கதவ சாத்தி வச்சிட்டு தொறந்ததும் கூட்டம் வரும்னு எதிர்பாக்குறது கொஞ்சம் ஓவர்தான்.

மேயர நாம நேரா தேர்ந்தெடுக்க முடியாது, கவுன்சிலருங்க தேர்ந்தெடுப்பாங்க. போர்ட் லூயிஸ்ல மட்டும் அவருக்கு லார்ட் மேயர்னு பட்டம்.

அட்ரஸ் எழுதுறது ஏன் இவ்ளோ குழப்பம்? எல்லா ஊர்லயும் ராயல் ரோடு இருக்கே!

இருக்கும். ஊர ஊடால வெட்டிட்டு போற மெயின் ரோடுன்னா அது ராயல் ரோடுதான், தீவு பூரா. அதனால வெறும் ராயல் ரோடுன்னு டெலிவரிக்காரர்கிட்ட சொன்னா அவர் சிரிப்பார். கிராமத்து பேரு, பக்கத்துல இருக்குற கோயிலோ மசூதியோ கடையோ, இது மூணும் சொன்னாத்தான் சாப்பாடு சூடா வரும்.

அப்புறம் சில வார்த்தை தெரிஞ்சுக்கணும். ‘மொர்செல்மான்’னா கரும்புத் தோட்டத்த பிளாட் போட்டு வித்த எடம், நம்ம நகர் மாதிரி, வீடு புதுசா இருக்கும், பஸ் தூரமா இருக்கும். ‘சித்தே’ன்னா அரசாங்க காலனி, 1960ல அலிக்ஸ், கரோல்னு ரெண்டு புயல் அடுத்தடுத்து அடிச்சு வீடெல்லாம் பேத்துட்டு போச்சு, அதுக்கப்புறம் வரிசை வரிசையா கட்டிக் கொடுத்தது நெறைய. ‘கான்’னு ஆரம்பிக்கிற ஊர், கான் தியாப்ள், கான் தெ மாஸ்க் மாதிரி, அது கேம்ப்ங்கற வார்த்தை. ஆளுங்க கூட்டமா தங்குன எடத்துக்கெல்லாம் அந்தப் பேரு, கரும்பு எஸ்டேட்டுல ஒப்பந்தக் கூலிங்க இருந்த குடியிருப்பும் கேம்ப்தான். அந்த வரிசை வீடெல்லாம் போயிருச்சு, வார்த்தை மட்டும் அட்ரஸ்ல நிக்குது.

ஊர்ப் பேருக்கெல்லாம் அர்த்தம் உண்டா? தமிழ்ப் பேர் ஏதாச்சும்?

இத பத்தி பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன். கத்ர் போர்ன்னா நாலு எல்லைக்கல், நாலு எஸ்டேட்டு சந்திச்ச எடம். வக்வான்னா தாழைச் செடி. கிரேவ் கேர்னா மனசு ஒடைஞ்ச ஊரு, மலையடிவாரத்துல அவ்ளோ அழகா இருக்கு, எவன் மனசு ஒடைஞ்சானோ. த்ருவா பூத்திக், மூணு கடை. காப் மலேரே, துரதிர்ஷ்ட முனை, இன்னைக்கு சிவப்புக் கூரை சர்ச்சுக்கு முன்னாடி கல்யாண ஜோடிங்க போட்டோ எடுக்குறதே அங்கதான். லல்மாட்டி போஜ்புரி, செம்மண்ணு. கியூர்பிப்புக்கு, வண்டிக்காரங்க மேடேறி வந்து நின்னு புகைக்குழாய சுத்தம் பண்ணுன எடம்னு ஒரு கதை சொல்லுவாங்க, இல்ல பிரான்ஸ்ல இருக்குற ஒரு ஊர்ப் பேருன்னும் சொல்லுவாங்க, எனக்கு முதல் கதைதான் புடிச்சிருக்கு.

நம்ம பக்கத்துப் பேர்னா போர்ட் லூயிஸ்ல மலைய ஒட்டி ஒரு ஏரியா இருக்கு, த்ரான்கபார். நம்ம தரங்கம்பாடிதான்! போ பசான் பக்கத்துல கொரொமண்டெல்னு ஒரு எடம், சோழமண்டலக் கரை. 1730கள்ல லா பூர்தொனே கவர்னரா இருந்தப்ப பாண்டிச்சேரிலேருந்து கொத்தனார், தச்சர்னு கைவேலைக்காரங்கள கொண்டாந்தாங்க, போர்ட் லூயிஸ்ல அவங்க இருந்த கெழக்குப் பகுதிக்கு மலபார் கேம்ப்னே பேரு. ஒப்பந்தக் கூலிங்க கப்பல் ஏறுறதுக்கு நூறு வருஷம் முன்னாடி. அதனால இங்க இருக்குற தமிழங்கள எல்லாம் கரும்பு வெட்ட வந்தவங்க வாரிசுன்னு ஒரே வார்த்தைல சொல்லிடாதீங்க, சில பேர் வீட்டுல கோச்சுக்குவாங்க. அவங்க வீட்டுல பேசுறது கிரியோல், கோயில்ல தேவாரம், பேரு மட்டும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டுல இருக்கும், சத்தமா படிச்சா நம்ம ஊர்ப் பேரு வந்து நிக்கும்.

சந்தை எந்த ஊர்ல எந்த நாளு?

மாயேபூர் திங்கள். சான்த்ர் தெ ஃப்ளாக் ஞாயிறும் புதனும், தீவுலயே பெரிய திறந்தவெளி சந்தைன்னு அதத்தான் சொல்லுவாங்க. கத்ர் போர்ன்ல துணிமணிக்கு வியாழனும் ஞாயிறும். எல்லாம் கவுன்சில் கட்டுப்பாடுதான், ஸ்டால் லைசன்ஸ் அவங்ககிட்ட வாங்கணும். முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கெடைக்கும். கறிவேப்பிலைக்கு இங்க ‘காரிபூலே’, கேட்ட உடனே புரிஞ்சிருக்குமே.

ரொட்ரிக்ஸ்லயும் இதே முறையா?

இல்ல. ரொட்ரிக்ஸ் கெழக்க 560 கிலோமீட்டர் தள்ளி இருக்குற 108 சதுர கிலோமீட்டர் தீவு. அங்க முனிசிபாலிட்டியும் கெடையாது, டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலும் கெடையாது, அதுக்குப் பதிலா சொந்தமா ஒரு பிராந்திய சபை, சட்டம் 2001ல, சபை உக்காந்தது 2002 அக்டோபர்ல. தலைவருக்கு சீஃப் கமிஷனர்னு பேரு. தலைநகரம் போர்ட் மத்துரேன், நடந்தே ஒரு சுத்து சுத்திடலாம். ஆனா அதிகாரம்னு பாத்தா மெயின் தீவுல இருக்குற எந்த மேயரவிடவும் அந்த சபைக்கு ஜாஸ்தி, விவசாயம், மீன்பிடி, டூரிசம், தண்ணின்னு நெறைய அவங்களே பாத்துக்குறாங்க.

அகலேகா?

அதுவும் மொரிஷியஸோட வெளித்தீவுதான், வடக்க ஆயிரம் கிலோமீட்டர். முன்னூறு பேர் சொச்சம். வடக்குத் தீவுல வேன்ட் சேங்க், லா ஃபூர்ஷ், தெக்குத் தீவுல சேன்ட் ரீட்டா, இதுதான் ஊருங்க. வேன்ட் சேங்க்னா இருவத்தஞ்சு. அடிமைங்களுக்கு இருவத்தஞ்சு சவுக்கடி கொடுத்த எடம்னுதான் அந்தப் பேருக்கு கதை சொல்றாங்க. ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்த கிராம கவுன்சில் அங்க இல்ல, வெளித்தீவுகளுக்குன்னு இருக்குற ஒரு அரசுக் கழகம்தான் நிர்வாகம் பண்ணுது. இந்தியா காசுல கட்டுன புது ஓடுபாதையும் கப்பல் துறையும் 2024 பிப்ரவரி 29 தொறந்தாங்க. அங்க வாடகைக்கு வீடு கெடைக்குமான்னு ஒரு தம்பி கேட்டான். கெடைக்காது தம்பி, போறதுக்கே அனுமதி வாங்கணும், நீ முதல்ல ரோஸ் ஹில்ல பாத்த அந்த ரூமுக்கு அட்வான்ஸ் கொடு.